மதுரையில் புதுப்பித்த ஆபீஸ் இடம் வாடகைக்கு எடுக்கிறீர்களா? பஸ், கரண்ட், பத்திரம்: மூன்றையும் சோதிக்கும் முறை

"புதுசா ரெனோவேட் பண்ணது சார், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம்." மதுரையில் ஆபீஸுக்கு இடம் வேண்டும் என்று நாலு புரோக்கரிடம் சொல்லிவைத்தால் நாலு பேரும் இதைத்தான் சொல்வார்கள். பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த ஊரில் பஸ் ஸ்டாண்ட் மூன்று. புதுப்பித்தது ஒயரிங்கையா பெயின்ட்டையா என்பதும் அந்தப் பேச்சில் வராது. இரண்டையும் நேரில் சோதித்தால் வரிசையில் இருக்கும் இடங்களில் பல தாமாகவே கழன்றுவிடும். 20 பேர் உட்காரும் ஆபீஸைக் கணக்கில் வைத்துக் கீழே எழுதியிருக்கிறோம். ஆள் எண்ணிக்கைக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எந்த பஸ் ஸ்டாண்ட்?

இடம் பார்க்கக் கிளம்பும் முன் ஒரு தாளில் வேலைக்கு வருபவர்கள் ஒவ்வொருவரின் ஊரையும் எழுதுங்கள். பக்கத்தில் அவர்கள் எங்கே வந்து இறங்குகிறார்கள் என்பதையும் எழுதுங்கள். தேனி, உசிலம்பட்டி, திண்டுக்கல், கோவைப் பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையம் வந்து நிற்கும். மேலூர், நத்தம், சிவகங்கை, மானாமதுரை, திருச்சி, திருநெல்வேலிப் பக்கம் எல்லாம் மாட்டுத்தாவணி. பெரியார் நிலையம் டவுன் பஸ்களுக்கு. ரயில்வே ஜங்ஷன் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். திருமங்கலத்தில் இருப்பவருக்கு டவுன் பஸ்ஸில் பெரியார் வருவது சுலபம். விருதுநகரிலிருந்து ரிங் ரோடு வழியாக வரும் பஸ் ஊருக்குள் நுழையாமலே மாட்டுத்தாவணி போய்விடும். ஆகவே தெற்கிலிருந்து வரும் ஆட்கள் அதிகம் என்றால், தூரம் கூடத் தெரிந்தாலும் ரிங் ரோட்டையோ மாட்டுத்தாவணியையோ ஒட்டிய இடம்தான் அவர்களுக்கு நேரம் மிச்சம்.

இந்தத் தாளைப் பார்த்தாலே ஆற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது தெரிந்துவிடும். வைகையைக் கடப்பதுதான் மதுரைப் பயணத்தில் நேரம் தின்னும் பகுதி. பத்துப் பேர் ஆரப்பாளையத்தில் இறங்கி கே.கே.நகருக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டியிருந்தால், வாடகையில் மிச்சம் பிடித்ததை அவர்கள் தினமும் ரோட்டில் செலவழிப்பார்கள். ஆறு மாதத்தில் ஆள் மாறத் தொடங்கும்.

பகுதிவாரியாகப் பார்ப்போம்.

மேல வெளி வீதி, டவுன் ஹால் ரோடு, ஜங்ஷன் சுற்றுவட்டம்: ரயிலும் டவுன் பஸ்ஸும் இதைவிடப் பக்கத்தில் வேறெங்கும் கிடைக்காது. டூ வீலர் நிறுத்த இடம் கிடைக்காது, கார் பற்றிப் பேசவே வேண்டாம். இங்கே இன்னொரு விஷயம் முக்கியம். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் 9 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது. தரைத்தளமும் இரண்டு மாடியும் என்றாலே அந்த அளவு ஏறத்தாழ முடிந்துவிடும். மாசி வீதி, ஆவணி மூல வீதிப் பக்கம் "நாலாவது மாடி, காற்றோட்டமா இருக்கும்" என்று யாராவது கூட்டிப்போனால், காற்றைப் பற்றிக் கேட்பதற்கு முன் அனுமதி வரைபடத்தைக் கேளுங்கள். சீல் வைக்க ஆள் வரும் நாளில் உள்ளே இருப்பது உங்கள் கம்ப்யூட்டர்கள்.

காளவாசல், பைபாஸ் ரோடு, எஸ்.எஸ்.காலனி, பொன்மேனி: ஆரப்பாளையத்துக்கு அருகில், பெரியாருக்கும் பஸ் அடிக்கடி. மேற்கிலிருந்து வருபவர்களுக்குப் பொருத்தம். வீடுகளை ஆபீஸாக மாற்றிய இடங்கள் இங்கே நிறைய. அவற்றின் சிக்கல்கள் கீழே வருகின்றன.

கோரிப்பாளையம், தல்லாகுளம், நரிமேடு, சொக்கிகுளம்: கலெக்டர் ஆபீஸ், மாநகராட்சி இரண்டும் கிட்டத்தில் என்பதால் ஆடிட்டர், வக்கீல், கட்டுமானத் தொழில் செய்பவர்கள் விரும்பும் இடம். சித்திரைத் திருவிழாவில் அழகர் எதிர்சேவை, ஆற்றில் இறங்கும் நாட்களில் அழகர்கோவில் ரோடு, புதூர், தல்லாகுளம் எல்லாம் போக்குவரத்து மாறும். அந்த வாரத்தில் டெலிவரியோ வாடிக்கையாளர் சந்திப்போ வைத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி. அதற்காக இடத்தையே ஒதுக்க வேண்டியதில்லை.

கே.கே.நகர், அண்ணாநகர், மாட்டுத்தாவணி: வெளியூர் பஸ், ஆம்னி பஸ் இரண்டும் கைக்கெட்டும் தூரம். சென்னை, பெங்களூரு வாடிக்கையாளர்கள் வந்துபோகும் தொழிலுக்கு இது நல்ல இடம். இலந்தைக்குளத்தில் இருக்கும் எல்காட் ஐடி வளாகமும் இந்தத் திசைதான்.

புது நத்தம் ரோடு: 2023-ல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் வந்தபின் "பத்தே நிமிஷம்" என்பார்கள். பத்து நிமிடம் பாலத்தின் மேலே போகும் காருக்கு. உங்கள் ஆள் வரும் பஸ் மேலே போகிறதா, கீழே நின்று நின்று போகிறதா என்று பாருங்கள். மேலே போகும் பஸ் உங்கள் வாசலைத் தாண்டித்தான் இறக்கிவிடும்.

மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லி வாடகையை ஏற்றினால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். திருமங்கலம்–ஒத்தக்கடை வழித்தடம் பற்றிப் பேச்சு பல வருடமாக உண்டு, தூண் ஒன்றுகூட எழவில்லை. உங்கள் ஒப்பந்த காலம் மூன்று வருடம்.

இடம் ஓரளவு பிடித்துவிட்டால் ஒரு திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு பஸ்ஸில் போய் இறங்குங்கள். புரோக்கரின் வண்டியில் போகாதீர்கள். நிறுத்தத்திலிருந்து நாற்காலி வரை நடந்து நேரம் பாருங்கள். நடைபாதை உண்டா, ரோட்டைக் கடக்க சிக்னல் உண்டா, மழைக்கு ஒதுங்க நிழற்குடை உண்டா என்று கவனியுங்கள். அதே இடத்துக்கு மாலை ஏழு மணிக்கு மறுபடி போங்கள். தெருவிளக்கு எரிகிறதா, பஸ் எவ்வளவு நேரத்துக்கு ஒன்று வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். பெண்கள் கட்டணமில்லாமல் போகும் சாதாரணக் கட்டண டவுன் பஸ் அந்த நிறுத்தத்தில் நிற்கிறதா என்பதையும் பாருங்கள். மாதச் சம்பளம் 12,000, 15,000 வாங்கும் பெண்ணுக்கு வேலையில் சேர்வதா வேண்டாமா என்பதை இது ஒன்றே முடிவு செய்யலாம். இரவு எட்டு மணிக்குமேல் பெண்கள் வேலை பார்க்கும் ஷிப்ட் உண்டென்றால் அவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வண்டி ஏற்பாடும் உங்கள் பொறுப்பு. அந்த வண்டி உள்ளே வந்து திரும்ப இடம் இருக்கிறதா என்பதையும் இதே நடையில் பார்த்துவிடலாம்.

எதைப் புதுப்பித்தார்கள்?

ஓனரிடம் முதலில் கேட்க வேண்டியது: "இதுக்கு முன்னாடி இங்க என்ன இருந்துச்சு?" பதிலைப் பொறுத்து நோய் மாறும்.

வீடாக இருந்ததென்றால் ஈபி இணைப்பு வீட்டு இணைப்பாகவே இருக்கும், சொத்துவரியும் குடியிருப்பு வகையில் போகும், தண்ணீர்த் தொட்டி ஐந்து பேர் குடும்பத்துக்கு அளந்தது. லாட்ஜாகவோ ஆஸ்பத்திரியாகவோ இருந்ததென்றால் அறைக்கு அறை இருந்த பாத்ரூம்களை மூடி மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். பாத்ரூமுக்காகத் தளத்தைத் தாழ்த்திப் போட்ட பள்ளத்தில் ஜல்லியும் உடைத்த செங்கல்லும் நிரப்பி மூடுவது வழக்கம். பழைய பைப்பை முறையாக அடைக்காமல் விட்டால் அந்தப் பள்ளத்தில் நீர் தேங்கி, கீழ்த்தளத்து சீலிங்கில் ஈரமாகக் காட்டும். அதனால் நீங்கள் எடுப்பது முதல் மாடி என்றால் இரண்டாம் மாடியில் முன்பு பாத்ரூம் எங்கெங்கே இருந்தது என்று கேளுங்கள். ஷோரூமாக இருந்த இடத்தில் கரண்ட் லோடு தாராளமாக இருக்கும், கழிப்பறை ஒன்றே ஒன்று இருக்கும்.

அரை நாள் கூலி கொடுத்து ஒரு எலக்ட்ரீஷியனையும் ஒரு கொத்தனாரையும் கூட்டிப்போங்கள். ஓனர் அனுப்பும் ஆட்கள் வேண்டாம். முடிந்தால் ஐப்பசி மழை பெய்த மறுநாள் போங்கள், அன்றைக்குக் கட்டடம் தானே பேசும்.

முதலில் சீலிங். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் அழகுக்கு என்பார்கள். தளத்தில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்திருந்தாலும் அதை மறைப்பது அதே ஜிப்சம்தான். ஏசி அல்லது லைட்டுக்கு விட்ட ஓட்டை வழியாகச் செல்போனை உள்ளே நீட்டி ஃபிளாஷ் போட்டு வீடியோ எடுங்கள். பழுப்பு வளையம், தொங்கும் காரை, வெளியே தெரியும் கம்பி, புதிதாகச் சிமென்ட் பூசிய திட்டு இவற்றைத் தேடுங்கள். கம்பி தெரிந்தால் அது பெயின்ட் வேலை இல்லை, கட்டமைப்பு வேலை. ஓனர் பொறியாளரை வைத்துச் சரிசெய்து தரும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். மொட்டை மாடிக்கும் ஏறிப் பாருங்கள். கடைசி மாடி ஆபீஸ் என்றால் வெயிலைத் திருப்பும் கூல் டைல்ஸோ வெள்ளைப் பூச்சோ இருக்க வேண்டும். மழைநீர்க் குழாய் வாயில் குப்பை அடைத்திருந்தால் அடுத்த மழையில் நீர் உங்கள் பக்கம்தான் இறங்கும்.

அடுத்து சுவரின் அடிப்பாகம். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு மட்டும் பிவிசி பேனல் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். கீழிருந்து ஏறும் ஈரத்தில் உப்புப் பூத்துப் பெயின்ட் உரியும் சுவரை மறைக்க அதுதான் மலிவான வழி. பேனலின் ஓரத்தை லேசாக நெம்பினால் வெள்ளைத் தூள் கொட்டும். பிளைவுட் தடுப்பும் கதவு நிலையும் கரையானுக்குப் பிடித்த இடம். அடியில் விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள், வெற்றோசை வந்தால் உள்ளே மரம் இல்லை. டைல்ஸையும் நாணயத்தால் தட்டுங்கள். நடுவில் வெற்றோசை கேட்கும் டைல்ஸ் நாற்காலிச் சக்கரம் உருண்டு உருண்டு ஆறே மாதத்தில் விரியும்.

கழிப்பறையில் ஒரு வாளி நீரைத் தரையில் ஊற்றுங்கள். ஓட்டையை நோக்கி ஓட வேண்டும், மூலையில் தேங்கக் கூடாது. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டு ஃபிளஷ் இழுத்தால் அழுத்தம் தெரியும். கழிவு எங்கே போகிறது என்று கேளுங்கள். மாநகராட்சியோடு பின்னாளில் சேர்ந்த புறப்பகுதிகளில் பல தெருக்களுக்கு இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை, செப்டிக் டேங்க்தான். குடும்பத்துக்குக் கட்டிய டேங்கை 20 பேர் பயன்படுத்தினால் சீக்கிரம் நிரம்பும். லாரி கூப்பிடும் செலவு யாருடையது என்பதை எழுதி வைக்காவிட்டால் அது உங்களுடையது.

தண்ணீர்க் கணக்கு எளிது. ஆபீஸில் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்று கட்டடத் துறையில் எடுப்பார்கள். 20 பேருக்கு 900 லிட்டர். கட்டடம் முழுக்க ஒரே தொட்டி என்றால் மற்ற தளங்களின் கணக்கையும் கூட்டுங்கள். போர் தண்ணீர் உப்பா என்பதைக் குழாய் முனையில் படிந்த வெள்ளைப் படிவே சொல்லிவிடும். குடிக்க 20 லிட்டர் கேன் தினம் இரண்டு, சித்திரை வைகாசியில் மூன்று ஆகும். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்குக் கேன்காரர் தனிக்கூலி கேட்பார்.

மழைநீர் தேங்கும் இடமா என்பதைப் பக்கத்து டீக்கடையில் கேளுங்கள், ஓனரிடம் கேட்டுப் பயனில்லை. கண்மாய்களையும் அவற்றின் வாய்க்கால்களையும் ஒட்டி வளர்ந்த ஊர் இது. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் தெருவெல்லாம் நீர் நின்றது. தரைத்தளமோ பேஸ்மென்ட்டோ எடுப்பவர்கள் சுற்றுச்சுவரில் பழைய நீர்க்கறைக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். புதுப் பெயின்ட் உள்ளே அடித்திருப்பார்கள், பின்பக்கச் சுவருக்குப் பெரும்பாலும் அடித்திருக்க மாட்டார்கள்.

கரண்ட்

மற்ற எதையும் விட்டாலும் இதை விடக்கூடாது. புதுப்பித்த ஆபீஸ்களில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை மின் பெட்டியில் தொடங்குகின்றன.

20 பேர், உள்ளளவு (சுவருக்குச் சுவர் அளந்த இடம்) 1,600 சதுர அடி என்று வைப்போம். நம் வெயிலுக்கு 130 முதல் 150 சதுர அடிக்கு ஒரு டன் ஏசி வேண்டும். மேற்குச் சுவர் வெயில் படும் கடைசி மாடி என்றால் 120-க்கு ஒன்று. ஆக 12 டன், இரண்டு டன் மெஷின் ஆறு. ஒன்றுக்குச் சுமார் 2.2 கிலோவாட் வீதம் 13 கிலோவாட். கம்ப்யூட்டர் ஒன்றுக்கு 150 வாட் வீதம் 3 கிலோவாட். விளக்கு, ஃபேன், பிரிட்ஜ், தண்ணீர் சுடவைக்கும் கெட்டில் எல்லாம் சேர்த்து 2. மொத்தம் 18 கிலோவாட். வீட்டை மாற்றிய இடத்தில் ஈபி அனுமதித்த லோடு 4 அல்லது 5 கிலோவாட்டாக இருக்கும். அதில் ஆறு ஏசி மாட்டித் தந்திருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் ஃபியூஸ் போகும், அல்லது ஒயர் சூடாகும்.

ஈபி அட்டையை வாங்கி இரண்டே விஷயம் பாருங்கள்: வணிகக் கட்டண வகையா, அனுமதித்த லோடு எவ்வளவு. வீட்டு இணைப்பில் ஆபீஸ் நடத்தினால் மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவில் அங்கீகாரமில்லாத பயன்பாடு என்று மதிப்பிட்டு இரட்டைக் கட்டணம் போடுவார்கள். எப்போதிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கு வரும். "எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்பது அதிகாரியிடம் எடுபடாது. கட்டண மாற்றமும் லோடு உயர்வும் ஓனர் பெயரில்தான் விண்ணப்பிக்க முடியும் என்பதால் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அதை முடித்துத் தரச் சொல்லுங்கள். லோடு கூடினால் மாதாந்திர நிலைக்கட்டணமும் கூடும். கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று வருவதால் தேவைக்கு மேல் வாங்கிவைப்பதும் வீண்.

எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டியவை: ஒவ்வொரு ஏசிக்கும் டிபியிலிருந்து (கரண்டைப் பிரிக்கும் பெட்டி) தனி 4 சதுர மில்லிமீட்டர் ஒயரும் தனி எம்சிபியும் (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) இருக்கிறதா, பிளக் பாயின்ட்டுகளுக்கு 2.5, விளக்குக்கு 1.5 போட்டிருக்கிறார்களா என்று திறந்து பார்ப்பது. புதிய சுவிட்ச் தகட்டின் பின்னால் இருபது வருடப் பழைய ஒயர் இருப்பது சாதாரணம். இரண்டு சுவிட்ச் போர்டைக் கழற்றினாலே தெரிந்துவிடும். ஷாக் அடிக்காமல் காக்கும் சுவிட்சான ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தையும் நியூட்ரல் லைனையும் சரிபார்க்க வேண்டும். கோடையில் மண் காய்ந்து எர்த் பிட் பலவீனமாகும், அதற்கு நீர் ஊற்ற வழி விட்டிருக்க வேண்டும். கடைசியாக ஆறு ஏசியையும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓடவிட்டு, மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பேஸில் 30 ஆம்பியரும் இன்னொன்றில் 8-ம் காட்டினால் லோடைப் பிரித்தவர் கணக்குப் போடவில்லை. அதைச் சரிசெய்ய அரை நாள் போதும். அந்த அரை நாள் ஓனருடையது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று காலையிலிருந்து பிற்பகல் வரை கரண்ட் இருக்காது. கம்ப்யூட்டருக்கும் இன்டர்நெட்டுக்கும் 5 கேவிஏ யுபிஎஸ் போதும். ஏசியில் பாதியாவது ஓட வேண்டுமென்றால் 15 கேவிஏ ஜெனரேட்டர். "ஜெனரேட்டர் பேக்கப் உண்டு" என்று சொன்னால் அது லிஃப்ட்டுக்கும் பொது விளக்குக்கும் மட்டுமா, உங்கள் தளத்துக்குமா என்று கேளுங்கள். உங்களுக்கும் என்றால் டீசல் செலவைப் பிரிக்கும் முறை எழுத்தில் வேண்டும். உங்கள் தளத்துக்கு ஓனர் தனியாக மாட்டிய சப்-மீட்டர் என்றால் யூனிட் விலை ஈபி பில்லில் உள்ளதா, ஓனர் வைத்ததா என்பதும் எழுத்தில் வேண்டும்.

இன்டர்நெட்டுக்குக் கம்பெனி ஆளையே வரச்சொல்லி ஃபைபர் எந்தக் கம்பத்திலிருந்து எந்த வழியாக உள்ளே வரும் என்று பாருங்கள். இரண்டாவது இணைப்பு வேறு கம்பெனியாக இருந்தால் மட்டும் போதாது, வேறு கம்பம் வழியாகவும் வர வேண்டும். ரோடு தோண்டும்போது ஒரே குழியில் கிடக்கும் இரண்டும் ஒன்றாக அறுந்துபோகும்.

தீ

இரண்டு நிமிட வேலைதான், ஆனால் பலர் பார்ப்பதில்லை. மாடிப்படியின் அடியில் என்ன இருக்கிறது? மீட்டர் போர்டு, அதன் கீழே டூ வீலர், பக்கத்தில் டீசல் கேன்: நகரத்துப் பழைய கட்டடங்களில் இந்தக் கூட்டணி சகஜம். அந்தப் படி ஒன்றே வெளியேறும் வழி என்றால் வேறு இடம் பாருங்கள். முன்பக்கம் முழுக்க ஏசிபி ஷீட்டும் (அலுமினியப் பலகை) கண்ணாடியும் போட்டுப் புதுமையாக்கிய கட்டடத்தில் அந்த ஷீட்டுக்குப் பின்னால் பழைய ஜன்னல்கள் மூடிக்கிடக்கும். புகை வெளியேற ஒரு ஜன்னலாவது திறக்க வேண்டும். திறந்து காட்டச் சொல்லுங்கள். லிஃப்ட் உள்ளே உரிமச் சான்றின் தேதியையும் பாருங்கள்.

சதுர அடியும் உண்மையான வாடகையும்

விளம்பரத்தில் வரும் சதுர அடி படிக்கட்டு, லிஃப்ட், நடைவழி எல்லாம் சேர்ந்தது. டேப் வைத்துச் சுவரிலிருந்து சுவர் வரை அளந்து தூண்களைக் கழியுங்கள். உதாரணத்துக்கு 2,000 சதுர அடி, அடிக்கு 35 ரூபாய் என்றால் 70,000. உள்ளே அளந்தால் 1,400 அடிதான் வருகிறதென்றால் நீங்கள் உண்மையில் கொடுப்பது அடிக்கு 50. பராமரிப்பு அடிக்கு 5 ரூபாயும் 2,000 அடிக்கே போட்டால் இன்னொரு 10,000. இந்த உள்ளளவு விலையை வைத்துத்தான் இரண்டு இடங்களை ஒப்பிட வேண்டும். ஆளுக்கு 80 சதுர அடி உள்ளளவு இருந்தால் மீட்டிங் ரூம், ரிசப்ஷன் எல்லாம் அடங்கும். 60-க்குக் கீழே போனால் நெரிசல்.

வரிகள்: ஓனர் ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் என்றால் வாடகைக்கு மேல் 18 சதவீதம் வரும். ஓனருக்குப் பதிவு இல்லை, உங்களுக்கு உண்டு என்றால் 10 அக்டோபர் 2024 முதல் அந்த 18 சதவீதத்தை நீங்களே நேரடியாகக் கட்ட வேண்டும். சிறு தொழிலுக்கான காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு மட்டும் பின்னர் விலக்கு வந்தது. கட்டியதை உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுக்க முடிந்தால் நஷ்டமில்லை. ஜிஎஸ்டி வராத சேவை செய்பவர்களுக்கு அது முழுச் செலவு, பேரத்திலேயே கணக்கில் எடுங்கள். மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் அதில் டிடிஎஸ் (ஓனரின் வருமான வரிக்காக) 10 சதவீதம் பிடிக்க வேண்டும். தணிக்கைக்கு உட்படாத தனிநபர் என்றால் 2 சதவீதம். "கையில முழுசா குடுங்க, டிடிஎஸ் எல்லாம் வேணாம்" என்று கேட்கும் ஓனர்கள் உண்டு. பிடிக்காமல் விட்டால் வட்டியோடு நோட்டீஸ் வருவது உங்களுக்கு.

பத்திரம், ஒப்பந்தம்

டோக்கன் கொடுக்கும்போதே ரசீதில் ஒரு வரி சேருங்கள்: ஆவணங்கள் சரியில்லை என்றால் முழுத்தொகையும் திரும்பும். அதன்பின் கேட்க வேண்டியவை கிரயப் பத்திர நகல், வில்லங்கச் சான்று, வணிக வகையில் கட்டிய சொத்துவரி ரசீது, அனுமதி வரைபடம், ஈபி பில். வில்லங்கத்தில் வங்கி அடமானம் தெரிந்தால் வங்கியின் சம்மதக் கடிதம். அண்ணன் தம்பி கூட்டுச் சொத்தென்றால் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அண்ணனிடம் பேசி முடித்துக் குடியேறிய மறுமாதம் தம்பி வந்து தன் பங்கு வாடகையைத் தனியாகக் கேட்பது இந்த ஊரில் புதிதல்ல. உங்கள் ஜிஎஸ்டி பதிவுக்கும் ஓனரின் சொத்துவரி ரசீதோ ஈபி பில்லோ தேவை. பெயர், கதவு எண் இரண்டும் ஒப்பந்தத்தில் உள்ளபடி ஒத்துப்போக வேண்டும். புதுக் கதவு எண், பழைய கதவு எண் குழப்பத்தில் பதிவு திரும்பி வரும்.

தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டு வாடகைச் சட்டம் 22 பிப்ரவரி 2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. வணிக இடத்துக்கும் பொருந்தும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பத்து மாதம் கேட்பது ஊர் வழக்கம், பேச உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. தகராறு வந்தாலும் கரண்டையோ தண்ணீரையோ ஓனர் நிறுத்தக்கூடாது. 11 மாத ஒப்பந்தம் சார்பதிவாளரிடம் பதியும் செலவைத் தவிர்க்கப் போடுவது. உள்ளே நாலைந்து லட்சம் செலவழித்துத் தடுப்பும் ஒயரிங்கும் செய்யப்போகிறீர்கள் என்றால் மூன்று வருடத்துக்குப் போட்டு முறையாகப் பதிவு செய்வதே பாதுகாப்பு.

உள்ளே கட்டாயம் இருக்க வேண்டிய வரிகள் சில. வாடகை எந்த மாதத்திலிருந்து ஓடும், உள்வேலைக்கு எத்தனை நாள் வாடகையில்லாக் காலம். உயர்வு வருடத்துக்கு 5 சதவீதமா, மூன்று வருடத்துக்கு 15-ஆ. லாக்-இன் (இடையில் முறித்துக்கொள்ள முடியாத காலம்) இருவருக்குமா, உங்களுக்கு மட்டுமா. ஏசி கம்ப்ரசர், மோட்டார், மொட்டை மாடி ஒழுகல் இவற்றின் பழுது யாருடையது: புதுப்பித்த இடங்களில் ஏசி மெஷின்கள் பழையவையாக இருப்பது வழக்கம், அவற்றின் வரிசை எண்ணையும் தயாரிப்பு வருடத்தையும் பட்டியலில் எழுதுங்கள். பெயர்ப்பலகை வைக்க எந்த இடம், எத்தனை வண்டி நிறுத்தலாம். காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடிப்பார்கள் என்றால் அந்தத் தொகை, வேறெதுவும் பிடிக்கமாட்டோம் என்ற வாக்கியத்தோடு. அட்வான்ஸ் திரும்பும் கெடு.

தொழில் உரிமம், தொழில்வரி மாநகராட்சியில். பத்துப் பேரோ அதற்கு மேலோ என்றால் கடைகள் நிறுவனச் சட்டப் பதிவும் உண்டு. இவற்றை ஆடிட்டர் ஒரு வாரத்தில் முடித்துவிடுவார்.

சாவி வாங்கும் நாளில் ஈபி மீட்டர் ரீடிங்கைத் தேதி தெரியும்படி படமெடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பழைய பாக்கி இல்லை என்று அவர் பதில் போடும்வரை காத்திருங்கள். சீலிங், சுவர், கழிப்பறை, ஏசி எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுத்து அதையும் அனுப்புங்கள். பூட்டை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். புதுப்பிக்கும் வேலைக்கு வந்துபோனவர்களிடமெல்லாம் ஒரு சாவி இருக்கும்.